‘சரிங்க’ என்று சொன்ன டிரைவர்

எருமப்பட்டியில் காளியாத்தாளின் அப்பாவிடம், மகள் சேலத்தில் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், டிரைவர்களைச் சோதிக்கிற வேலை என்று சொல்வார். லாரித் தொழில் பெருகிக்கொண்டிருந்த பக்கம் அது. கேட்டவர்கள், மகள் ஏதோ செக்போஸ்டிலோ லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசிலோ இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். தூரத்து மாமா ஒருவர், தம் லாரி டிரைவரின் லைசென்ஸை ஆந்திராவில் பிடுங்கிக்கொண்டார்கள், மீட்டுத் தர வேண்டும் என்று ஒருநாள் ஆபீசுக்கே வந்துவிட்டார். காளியாத்தாள் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“எம்பட டிரைவர் லாரி ஓட்டறதில்லீங்க மாமா. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறவன். நீங்க தட்டறதை எடுத்துக்கிட்டுப் போயி உள்ள சுத்தற தட்டுல எழுதி வெக்கறது அவன் வேலை.”

மாமா டீயைக் குடித்து முடித்து, “அவனுக்கு பேட்டா ஆரு குடுக்கறா?” என்று கேட்டார்.

“ஆரும் குடுக்கறதில்லீங்க. அதுனாலதான் எனக்கு அவன் மேல சந்தேகம்.”

காளியாத்தாள் சென்ற மாசி மாதம் இறந்தார். மஞ்சள் காமாலை. நாற்பதைத் தொடவில்லை. கருமாதிக்கு வந்திருந்த உறவினர்கள், நல்ல உத்தியோகத்தில் இருந்தவள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். என்ன உத்தியோகம் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

எண்பதுகளின் நடுவில், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து சுவாமிநாதன் என்பவர் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தினார். பெங்களூரிலிருந்து வரும் பாகங்களைப் பொருத்தி, பெட்டியில் அடைத்து, நூல் மில்களுக்கும் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிகளுக்கும் விற்பது தொழில். உள்ளே வைக்கும் ஹார்ட் டிஸ்க் வெளிநாட்டுச் சரக்கு. அதைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் புரோகிராமை நாங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். எழுதுகிறவன் அப்புசாமி. புதுச்சத்திரத்துக்காரன், கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்தவன், கை வேகம் அதிகம். எழுதியதைப் படித்துச் சந்தேகப்படுகிறவர் காளியாத்தாள். கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, பெங்களூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். வாங்குகிறவர்களுக்கான விளக்கப் புத்தகங்களை எழுதும் வேலை எனக்கு. அவர் மேசைக்குப் பக்கத்து மேசை.

சந்தேகப்படுகிறவர் என்று கேலிக்காகச் சொல்லவில்லை. அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். புரோகிராமை அச்சடித்து, மடிப்பு மடிப்பாக வரும் அந்த நீளத் தாளைக் கூடத்துத் தரையில் விரித்துவிடுவார். மற்றவர்கள் மேலிருந்து கீழே படிப்பார்கள். அவர் முதலில் வெளியேறும் வழிகளைத் தேடுவார். ஒரு பகுதிக்குள் நுழைய ஒரு வாசல்தான். வெளியேறப் பல வாசல்கள். வேலை முடிந்து வெளியேறுவது ஒன்று. டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று பாதியில் வெளியேறுவது ஒன்று. மெமரியில் இடம் கேட்டு, இல்லை என்ற பதிலோடு வெளியேறுவது இன்னொன்று. ஒவ்வொரு வாசலிலும் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அந்த வழியாகப் போகிறவன் உள்ளே வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறானா, நடந்ததை மேலே இருப்பவனிடம் உள்ளபடி சொல்கிறானா என்று பார்ப்பார். அப்புசாமியை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, வரிக்கு வரி அதே கேள்விதான். இவன் இல்லைன்னு சொல்லிட்டா நீ என்ன பண்ணுவே?

அப்புசாமிக்கு அது எரிச்சல். ஒருநாள் வாய்விட்டே சொன்னான். “கல்யாண ஊட்டுல வந்து உக்காந்துக்கிட்டு, கல்யாணம் நின்னு போனா என்ன பண்ணுவீங்கன்னு கேக்கற மாதிரி இருக்குதுங்க அக்கா.”

காளியாத்தாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “கேக்கோணும் சாமி. எம்பட கல்யாணத்துல ஆரும் கேக்கலை. முகூர்த்தத்துக்கு மொத நாளு நின்னு போச்சு. கல்யாணம் நடந்திருந்தா, வாடகைக்கு எடுத்தாந்த அண்டா குண்டாவை எல்லாம் கழுவி வண்டியேத்தித் திருப்பி அனுப்பியிருப்பாங்க. நின்னு போனதுனால அழுதுக்கிட்டே எல்லாம் பஸ் ஏறிட்டாங்க. பாத்திரம் மண்டபத்துலயே கெடந்துச்சு. அடுத்த முகூர்த்தக்காரன் பாத்திரம் கேட்டுப் போனா, கடைக்காரன்கிட்ட இல்லை. உன் புரோகிராமும் அப்பிடித்தான். காரியம் நடந்தா மெமரியைத் திருப்பிக் குடுக்குது. கெட்டுப் போனா அப்பிடியே விட்டுப்போட்டு வந்துருது.”

அவர் கல்யாணம் நின்றுபோனது எங்களுக்கெல்லாம் தெரியும். அவர் வாயால் அதைக் கேட்டது அன்றுதான். அப்புசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த இடத்தில் சிவப்பாக வட்டம் போட்டு, இதைத் திருத்து என்றார். “சரிங்க அக்கா” என்றான். அவர் அடுத்த மடிப்புக்குப் போனார்.

அடுத்த மாதம் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நாமக்கல் ரோட்டை ஒட்டிய ஒரு நூல் மில்லில் அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தோம். வெளியே போகும் மூட்டைகளை எடை போட்டு, அந்த எடையைத் தட்ட வேண்டும். அதற்கு மில்லில் சென்னியம்மாள் என்ற பெண்ணைப் போட்டார்கள். பத்தாவது வரை படித்து டைப்ரைட்டிங் முடித்தவள். ஒவ்வொரு பதிவுக்கும் திரையில் ஓ.கே. என்று வரும். அதைப் பார்த்து அவள், இது என்னுங்க என்று கேட்கப்போக, அப்புசாமி அங்கேயே உட்கார்ந்து அதை எடுத்துவிட்டு ஆங்கில எழுத்தில் ‘சரிங்க’ என்று வரும்படி செய்துவிட்டான். மில்லில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. மெஷினுக்குக்கூட மரியாதை தெரிந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நானும் விளக்கப் புத்தகத்தில் அதை அப்படியே எழுதினேன். மேனேஜர் பெருமையோடு கைக்கணக்கை நிறுத்திவிட்டார்.

புரட்டாசியில் பிரச்சினை வந்தது. ஒரு நாள் மத்தியானம் கழிவுப் பஞ்சு ஏற்றிய வண்டி ஒன்று வெளியே போனதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டரில் அந்த வண்டி போகவே இல்லை. அந்த வண்டி மட்டுமில்லை, அன்று மத்தியானம் எடை போட்ட எதுவும் அதில் இல்லை. மூட்டை ஏற்றியவன் சென்னியம்மாளின் தம்பி கருப்பண்ணன். இவ்வளவு போதுமானதாக இருந்தது. பஞ்சு வாங்கிய வியாபாரி, எனக்கு பில் வரவில்லை, வந்தால் கொடுத்திருப்பேன் என்றார். அதை ஒருவரும் நம்பவில்லை. மேனேஜர் சென்னியம்மாளை நூல் ஓடும் டிபார்ட்மென்டுக்கு நடுவில் நிற்கவைத்து, திருடி என்று சொல்லி வெளியே அனுப்பினார். திங்கட்கிழமை விசாரணை. அதில் நிரூபணம் ஆனால் அவளுக்கும் வேலை போகும், தம்பிக்கும் போகும், போலீசுக்கும் எழுதிக் கொடுப்பார்கள்.

சுவாமிநாதன் காளியாத்தாளையும் என்னையும் மில்லுக்கு அனுப்பினார். போகும் முன்பு கூப்பிட்டு, அந்தப் பெண் மெஷினில் எதையாவது தொட்டிருப்பாள், சுவிட்சைத் தொட்டேன் என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வாங்கி வந்துவிட்டால் நமக்குப் பிரச்சினை இல்லை என்றார். இன்னும் இரண்டு மில்கள் எங்கள் மெஷினை வாங்குவதாக இருந்தன. அவரைப் பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். பயந்துபோயிருந்தார்.

மில்லில் மேனேஜர் அன்றைய பதிவுகளைத் திரையில் காட்டினார். காலையில் தட்டியது இருந்தது. சாயங்காலம் தட்டியதும் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

“கத்திரியால நறுக்குன மாதிரி இருக்கு பாத்தீங்களா? கோளாறுன்னா மொத்தமா போகும். இப்படி வேணுங்கறதை மட்டும் பாத்து எடுக்குமா?” என்றார். அவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் எங்கள் இழுவை இருக்காது.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காளியாத்தாளும் அப்படித்தான் நினைத்தார். திரும்பும்போது பஸ்ஸில், அந்தப் புள்ளை திருடியிருக்கலாம் என்று என்னிடம் சொன்னார். பாவப்பட்டு யாரையும் நல்லவர் பட்டியலில் சேர்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் ஒன்று இடித்தது. எங்கள் புரோகிராமில் ஒரு பதிவை அழித்தால் அந்த இடம் காலியாகக் கிடக்கும், பார்த்தால் தெரியும். அவர் பார்த்துவிட்டார், அப்படிக் காலியிடம் ஏதும் இல்லை. அந்த மத்தியானத்துப் பதிவுகளை யாரும் அழிக்கவில்லை. அவை டிஸ்க்குக்கே போய்ச் சேரவில்லை. அவள் தட்டாமல் ஏமாற்றியிருக்க வேண்டும், அல்லது அவள் தட்டியதை டிரைவர் எங்கோ கொட்டியிருக்க வேண்டும். இரண்டு பேர் மேலும் சந்தேகம் சமமாக இருந்தது.

மறுநாள் டிரைவர் முழுவதையும் மறுபடி அச்சடித்துத் தரையில் விரித்தார்கள். காளியாத்தாள் முட்டிபோட்டுக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போனார். அப்புசாமி கைகட்டி நின்றான். தன்னைத்தான் விசாரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

“உங்க கண்ணுக்கு எம்பட புரோகிராம் எப்பவுமே திருடன்தானுங்களா அக்கா?”

“திருடன்னு சொல்லலை. திருடறதுக்கு வழி இருக்குதான்னு பாக்கறேன்.”

மத்தியானம் ஓரிடத்தில் அவர் கை நின்றது. முன்பு அவர் சிவப்பு வட்டம் போட்ட அதே இடம். வரிகள் அப்படியே இருந்தன. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அவர் தலையைத் தூக்காமலே கேட்டார். “இதைத் திருத்துன்னு சொன்னப்ப நீ என்ன சொன்னே?”

“சரிங்கன்னு சொன்னேன்.”

“சரிங்கன்னா?”

அப்புசாமி கொஞ்சம் விழித்தான். “கேட்டுக்கிட்டேன்னுங்க. அடுத்த மாசமே மில்லுல கொண்டுபோயி வெக்கோணும்னு மொதலாளி அவசரப்படுத்துனாரு. அப்பறமா செய்யலாம்னு இருந்தேன்.”

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். பெரியவர்கள் ஒன்று சொன்னால் சரிங்க என்போம். காதில் விழுந்தது என்று அர்த்தம். செய்கிறேன் என்பது வேறு, செய்தாயிற்று என்பது வேறு. இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். யாரையும் நம்பாத காளியாத்தாள் அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பிவிட்டார்.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எழுந்து, மேசையில் இருந்த கம்ப்யூட்டரின் முன்னால் போய் ஏதோ ஓர் எடையைத் தட்டினார். திரையில் ‘சரிங்க’ என்று வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்புசாமி, இவன் எப்பச் சரிங்கன்னு சொல்றான்? டிஸ்க்குல எழுதினதுக்கு அப்பறமா, முன்னாடியா?”

“முன்னாடிங்க. தட்டறதை வாங்கி மெமரியில வெச்சுக்கிட்டு உடனே சொல்லிருவான். அப்பறம் மெதுவா எழுதுவான். இல்லைன்னா ஒவ்வொண்ணுக்கும் காத்துக்கெடக்கோணும்ங்க.”

“மெமரியில எடம் இல்லைன்னா?”

அவன் தாளைக் குனிந்து பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். “அப்பவும் சரிங்கன்னுதான் சொல்றானுங்க” என்றான்.

எனக்கு விளங்கிய வரையில் நடந்தது இதுதான். ஒவ்வொரு பதிவுக்கும் டிரைவர் மெமரியில் கொஞ்சம் இடம் வாங்கும். டிஸ்க்கில் எழுதி முடித்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். எழுதும்போது தடங்கல் வந்தால், புதிதாக இடம் வாங்கி முதலிலிருந்து ஆரம்பிக்கும். எழுதியும் முடித்துவிடும். ஆனால் முதலில் வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்காது. பதிவு தப்பிவிடுவதால் யாருக்கும் தெரியாது. இப்படி ஒவ்வொரு தடங்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் போய், கடைசியில் மெமரி தீர்ந்துவிடும். அதன்பிறகு வாங்கிக்கொள்ளவே இடமில்லாத டிரைவர், தட்டுவதை எல்லாம் கீழே போட்டுவிட்டு, மேலே சரிங்க என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எங்கள் ஆபீசில் ஸ்டெபிலைசர் இருந்தது; டிஸ்க்குக்குத் தடங்கலே வராது. மில்லில் சாப்பாட்டு நேரம் முடிந்து மெஷின்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது, விளக்குகள் மங்கிப்போவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த மின்சாரக் குறைவுதான் டிஸ்க்குக்குத் தடங்கல்.

அப்புசாமிக்கு உயிர் வந்தது போலிருந்தது. அப்ப அந்தப் புள்ளை திருடலீங்க அக்கா என்றான். காளியாத்தாள் ஒத்துக்கொள்ளவில்லை. மெமரி தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான். சாயங்காலப் பதிவுகள் எப்படி ஒழுங்காக ஏறின? யாரோ மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அப்போதுதான் மெமரி மறுபடி காலியாகும். நான் எதையும் தொடவில்லை என்று சென்னியம்மாள் மேனேஜரிடம் சத்தியம் செய்திருக்கிறாள். “அவ பொய் சொல்றா. ஏன் சொல்றான்னு தெரியோணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரத்தில் அவள் வீட்டுக்குப் போனோம். ஓட்டு வீடு. வாசலில் கருப்பண்ணன் நின்றிருந்தான். வாங்க என்று சொன்னான், வழியை விடவில்லை. சென்னியம்மாள் உள்ளேயிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது ஓய்ந்த முகம். காளியாத்தாள் சுற்றி வளைக்கவில்லை, நேராகக் கேட்டார்.

“அன்னைக்கு சுவிட்சை அணைச்சுப் போட்டியா கண்ணு?”

“இல்லீங்க.”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. காளியாத்தாள் அவளையே பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவளே பேசினாள்.

“நீங்க கம்பெனிக்காரங்க. நான் தொட்டேன்னு சொன்னா, அதுனாலதான் அழிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவீங்க. அதுக்குத்தானுங்க வந்திருக்கீங்க?”

“ஆமா. அதுக்குத்தான் அனுப்பிச்சாங்க” என்றார் காளியாத்தாள்.

கருப்பண்ணன் திரும்பி அக்காளைப் பார்த்தான். சென்னியம்மாள் கதவு நிலையை விட்டாள். பொய்யாக ஆறுதல் ஏதாவது சொல்லியிருந்தால் எங்களை அப்போதே அனுப்பியிருப்பாள் என்று நினைக்கிறேன். காளியாத்தாள் வாசல் படியிலேயே உட்கார்ந்து, டிரைவர் என்ன செய்கிறது என்பதை அண்டா குண்டாவிலிருந்து ஆரம்பித்து முழுவதும் சொன்னார். தப்பு எங்களுடையது என்பதையும், சுவிட்சை அணைத்தது மட்டும் தெரிந்தால் கணக்கு நேராகிவிடும் என்பதையும், அது தெரிந்தால் சுவாமிநாதன் அவள் தலையிலேயே கட்டப் பார்ப்பார் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அதன்பிறகு சென்னியம்மாள் சொன்னாள். சாப்பாட்டுக்குப் பிறகு தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் சரிங்க வந்திருக்கிறது. நாலு மணி சுமாருக்கு மெஷின் அசையாமல் நின்றுவிட்டது. சூப்பர்வைசர் தவிர யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது என்று உத்தரவு. சூப்பர்வைசரைக் கூப்பிட்டால் நீ என்ன பண்ணினே என்று திட்டுவார். அணைத்துப் போட்டாள். ஓடியது. பேசாமல் இருந்துவிட்டாள்.

“அன்னைக்கு மட்டுந்தான?” என்று காளியாத்தாள் கேட்டார்.

“அன்னைக்கு மட்டுந்தானுங்க.”

திங்கட்கிழமை காலை சுவாமிநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். டிரைவரைச் சத்தமில்லாமல் திருத்தி மாட்டிவிடலாம், அந்தப் பெண்ணின் விவகாரம் மில்லுக்குள் நடப்பது, அதில் நாம் வாயைத் திறக்க வேண்டாம் என்றார். காளியாத்தாள், “சரிங்க சார்” என்றார்.

எல்லோரும் ஒரே காரில் மில்லுக்குப் போனோம். மேனேஜர் அறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வெளியே புளியமரத்தடியில் சென்னியம்மாளும் தம்பியும் நின்றார்கள். விசாரணை ஆரம்பிக்கும் முன்பே காளியாத்தாள் எழுந்து, தப்பு எங்கள் டிரைவரில் இருக்கிறது, இன்று மாலைக்குள் அதைக் கண்ணால் காட்டுகிறேன், அதுவரை விசாரணை வேண்டாம் என்றார். சுவாமிநாதன் அவர் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசியது எனக்குக் கேட்டது.

“சரிங்கன்னு சொன்னீங்களேம்மா?”

“காதுல விழுந்துதுங்கன்னு சொன்னேனுங்க சார்.”

எடை அறையில் மேனேஜரையே கம்ப்யூட்டரின் முன்னால் உட்காரவைத்தார். வேறு யாருடைய விரலும் அதில் படக் கூடாது என்றார். மேனேஜர் ஒற்றை விரலால் தட்டினார். காலை முழுவதும் தட்டினார். ஒவ்வொன்றுக்கும் சரிங்க. அணைத்துப் போட்டுப் பார்த்தால் எல்லாம் பத்திரமாக இருந்தன. மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். காளியாத்தாளுக்கு முகம் இருண்டது. அப்புசாமியை ஓரமாகக் கூப்பிட்டார்.

“நேத்து சாயங்காலம் எங்க போயிருந்தே?”

“எங்க ஊட்டுக்குங்க அக்கா. மில்லுப் பக்கமே வரலை.”

“ஆரும் சொல்லி டிரைவரை மாத்தி வெக்கலையே?”

“அக்கா, எங்கம்மா மேல சத்தியமுங்க.”

சத்தியத்தைக் காதில் வாங்காமல், அவரே உள்ளே போய்ப் பழைய டிரைவர்தான் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். பழையதுதான். அப்புசாமி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு சங்கு ஊதி, மெஷின்கள் ஓடத் தொடங்கின. தலைக்கு மேல் விளக்கு மங்கி எரிந்தது. மேனேஜர் அலுப்போடு தட்டிக்கொண்டிருந்தார். வெளியே நிஜமாகவே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மூட்டை எடைகள் வந்துகொண்டிருந்தன. சரிங்க, சரிங்க என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. நாலு மணி தாண்டித் திரை அசையாமல் நின்றது. காளியாத்தாள் சுவிட்சைக் காட்டினார். மேனேஜர் தாமே அணைத்து, தாமே போட்டார். மெஷின் எழுந்து வந்ததும் அன்றைய பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். காலையில் தட்டியது இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் வரை இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மேனேஜர் மறுபடி மறுபடி பார்த்தார்.

“மத்தியானம் போன மூட்டையை எல்லாம் நீங்க எங்கீங்க சார் வித்தீங்க?” என்று காளியாத்தாள் கேட்டார். குரலில் ஏளனமே இல்லை. விசாரணை அதிகாரி கேட்பது போலக் கேட்டார்.

எடை போடும் ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டு, பிறகு இருமினார்.

மேனேஜர் எழுந்து, சரி, அந்தப் பெண்ணை நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். நான் போய்ச் சொன்னேன். சென்னியம்மாள் நகரவில்லை. எங்கே வைத்து அந்த வார்த்தையைச் சொன்னாரோ, அங்கே வைத்து இதையும் சொல்ல வேண்டும் என்றாள். நான் திரும்பி வந்து சொன்னதும் மேனேஜருக்கு முகம் சிவந்தது. காளியாத்தாள், மேனேஜர் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, திருத்திய டிரைவரை மாட்ட இன்னும் நேரமாகும், அவர் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும், அவசரமில்லை என்றார்.

மேனேஜர் டிபார்ட்மென்டுக்குள் போனார். நாங்களும் போனோம். இரண்டு பக்கமும் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. நடுவில் நின்று அவர் வாயைத் திறந்து மூடினார். இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லை, கம்ப்யூட்டர் கோளாறு என்று சொன்னதாகப் பிறகு சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. நூல் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கவில்லை. அன்று அந்த வார்த்தையைச் சொன்னபோது மெஷின்கள் நின்றிருந்தனவாம். அதையும் அவர் யோசித்துத்தான் இன்று இந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார் என்று காளியாத்தாள் என் காதோரம் கத்தினார்.

வெளியே வந்ததும் சென்னியம்மாள், “ஆருக்குங்க கேட்டுச்சு?” என்றாள்.

கருப்பண்ணன் முன்னால் வந்தான். அவள் கையை நீட்டி அவனை நிறுத்தினாள். சுவாமிநாதன்தான் கடைசியில் பேசினார். அவர் அப்படிப் பேசுவார் என்று நான் நினைக்கவில்லை. தப்பு எங்களது சார், நீங்கள் சொல்லக் கூச்சமாக இருந்தால் நானே சொல்லிவிடுகிறேன் என்றார். அது மேனேஜருக்கு இன்னும் பொறுக்கவில்லை. ஷிப்ட் மாறும் நேரம், கேட்டுக்கு வெளியே போகிறவர்களும் உள்ளே வருகிறவர்களும் கூடும் இடத்தில், எடைக் கல் வைக்கும் மேடைமேல் ஏறி நின்றார். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. சென்னியம்மாள் திருடவில்லை, நான் சொன்னது தப்பு என்று சொன்னார். தப்பு என்ற சொல்லில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. கூட்டத்தில் இரண்டு பெண்கள் வந்து சென்னியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அழவில்லை. கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து உறுதி செய்துகொண்டிருந்தாள்.

சுவாமிநாதன் காரில் அப்புசாமியை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு மில்களுக்கு மெஷின் போவது தள்ளிப்போனது. காளியாத்தாள் பார்த்து முடிக்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று அவரே சொன்னது அதற்கப்புறம்தான். ஆனால் சில மாதங்களுக்குக் காளியாத்தாளோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

நாங்கள் ரோட்டுக்கு வந்து சேலம் பஸ்ஸுக்காக நின்றோம். லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. காளியாத்தாள் களைத்திருந்தார். நல்லபடியாக முடிந்தது என்று நான் ஏதோ சொன்னேன். அவர் தலையசைக்கவில்லை.

“அந்தப் புள்ளை இன்னும் ஒண்ணு மறைக்கறா” என்றார்.

“இன்னும் என்ன?”

“அன்னைக்கு மட்டுந்தான் சுவிட்சை அணைச்சேன்கறா. மெஷின் நின்னதும் பயப்படாம கையை வெச்சிருக்கறா. மொதத் தடவை அப்பிடி வெக்க மாட்டாங்க. அதுக்கு முந்தியும் அணைச்சிருக்கோணும். அந்த நாளுகள்லயும் பதிவு போயிருக்கும்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது, பெயரும் கிடைத்துவிட்டது, இனி அதைத் தோண்டி என்ன ஆகப்போகிறது என்றேன்.

“பேரு அவளுது, அவகிட்டப் போயிச் சேந்துருச்சு. அதை நான் தொடமாட்டேன். போன பதிவு நம்பளுது. நாளைக்கு வந்து எந்தெந்த நாளுன்னு பாத்து, எடைச் சீட்டு ரோக்கா வெச்சிருக்கற யாவாரிகளைக் கேட்டு ஏத்திக் குடுத்தரோணும். அவகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம்.”

பஸ் வந்தது. கடைசி சீட்டில் இடம் கிடைத்தது. அவர் பையிலிருந்து அந்த நீளத் தாளை எடுத்து மடியில் விரித்தார். அடுத்த மடிப்பிலிருந்த வெளியேறும் வழிகளைத் தேடத் தொடங்கினார்.